ஜீப் ரென்டா, ஹையரா, லீஸா? சாவி யார் கையில் இருக்கிறது?

குமுளியில் ஜீப் ஓட்டும் தம்பி ஒருவர் கேட்ட கேள்வி இது. முன்கண்ணாடியில் "ஜீப் ஃபார் ரென்ட்" என்று ஸ்டிக்கர் ஒட்டியிருக்கிறார். தேக்கடிக்கு வந்த வெளிநாட்டுத் தம்பதி அதைப் படித்துவிட்டுச் சாவிக்காகக் கையை நீட்டியிருக்கிறார்கள். "வண்டியை நான்தான் ஓட்டுவேன்" என்று இவர் சொன்னதும், அப்படியானால் இது ரென்ட் இல்லையே என்று சிரித்துவிட்டு நடையைக் கட்டிவிட்டார்கள். பக்கத்து ஜீப்காரர் ஹையர் என்று மாற்றச் சொல்கிறார். ஸ்டிக்கர் கடைக்காரரோ லீஸ் என்று போட்டால் கௌரவமாக இருக்கும் என்கிறார். கூடவே இன்னும் இரண்டு சந்தேகங்கள். தம்பியின் மாமா வண்டன்மேட்டுப் பக்கம் ஏலத்தோட்டம் ஒன்றைப் பாட்டத்துக்கு, அதாவது குத்தகைக்கு, எடுக்கப் போகிறார். அந்த ஆங்கிலத் தாளில் லீஸ் என்றுதான் இருக்கிறது. கம்பத்தில் இவர்கள் குடியிருக்கும் வீடும் லீசுதான். இரண்டும் ஒன்றா? வீட்டு வாசலில் தொங்குகிற "டு லெட்" எந்தக் கணக்கில் சேரும்?

முதலில் ஸ்டிக்கர். நீங்களே ஓட்டுவதாக இருந்தால் ஹையர். சாவியைக் கொடுத்துவிட்டு டீக்கடையில் உட்கார்ந்துவிடுவீர்கள் என்றால் ரென்ட். லீஸ் வேண்டவே வேண்டாம். மாதக்கணக்கில், வருடக்கணக்கில் ஜீப்பை ஒருவரிடம் ஒப்படைத்துவிடப் போவதாக அதற்குப் பொருள். ஸ்டிக்கர் கடைக்காரருக்குக் கௌரவம் முக்கியம், உங்களுக்குச் சவாரி முக்கியம்.

உங்களைத் தடுக்கிவிட்டது நம்முடைய "வாடகை" என்ற சொல்தான். வீட்டுக்கும் வாடகை, வண்டிக்கும் வாடகை, கல்யாணப் பந்தலுக்கும் பாத்திரத்துக்கும் வாடகை. ஓட்டுநரோடு வந்தாலும் வாடகைக் கார்தான், இல்லாமல் வந்தாலும் வாடகைக் கார்தான். குமுளிச் சோதனைச்சாவடியைத் தாண்டிவிட்டால் மலையாளிகள் கொஞ்சம் பிரித்துப் பேசுகிறார்கள். வீட்டுக்கு வாடக, பஸ்ஸுக்கோ ஆட்டோவுக்கோ கொடுப்பது வண்டிக்கூலி. ஹையர் என்ற ஆங்கிலச் சொல்லின் உயிர் அந்தக் கூலியில்தான் இருக்கிறது.

ஹையர் பழைய ஆங்கிலத்திலேயே இருந்த சொல். பிரெஞ்சிலிருந்தோ லத்தீனிலிருந்தோ வந்ததல்ல. தொடக்கத்திலேயே அதற்குக் கூலி என்ற பொருள் உண்டு. 1611ஆம் ஆண்டு ஆங்கில வேதாகமத்தில், வேலையாள் தன் கூலிக்குப் பாத்திரன் என்ற இடத்தில் நிற்கும் சொல் ஹையர்தான். எங்கள் வண்டிப்பெரியாறு எஸ்டேட் பிள்ளைகளுக்கு இந்தச் சொல்லை நான் அப்படித்தான் சொல்லிக் கொடுத்தேன். ஞாயிற்றுக்கிழமை கோயிலில் கேட்டதைத் திங்கட்கிழமை வகுப்பில் கேட்டால் மறக்காது. அதனால்தான் மனிதர்களுக்கும் ஹையர் பொருந்துகிறது. ஆளை ஹையர் செய்யலாம், ரென்ட் செய்ய முடியாது. கூட்டம் சேர்க்க லாரியில் ஆள் ஏற்றுவதை ஆங்கிலேயர்கள் "ரென்ட் எ கிரவுட்" என்று கேலி செய்வார்கள். அந்த ஆட்களை மனிதர்களாகவே மதிக்கவில்லை, பந்தல் சாமானோடு சேர்த்து எடுத்து வந்திருக்கிறார்கள் என்ற குத்தல் அதில் இருக்கிறது. ஹையர்லிங் என்றால் நம் ஊரில் கூலிக்கு மாரடிக்கிறவர். அந்தச் சொல்லை யாரையும் பார்த்துச் சொல்லிவிடாதீர்கள்.

உங்கள் தொழிலை நடத்தும் சட்டமும் இதே சொல்லைத்தான் பிடித்துக்கொண்டிருக்கிறது. 1988ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டம் பொதுச்சேவை வாகனத்தை விளக்கும்போது, "ஹையர் ஆர் ரிவார்டு", அதாவது கூலிக்கோ கைம்மாறுக்கோ பயணிகளை ஏற்றிச் செல்லும் வண்டி என்கிறது. ஓட்டுநர் இல்லாமல் வண்டியை மட்டும் கொடுப்பதற்கு அரசு வேறு திட்டம் வைத்திருக்கிறது. அதன் பெயர் ரென்ட் எ கேப் திட்டம், 1989. மோட்டார் சைக்கிளுக்கு 1997இல் இன்னொன்று வந்தது. நம்பர் பலகையைப் பார்த்தாலே இந்த வேறுபாடு தெரியும். டாக்ஸிக்கு மஞ்சள் பலகையில் கறுப்பு எழுத்து. சாவியை வாங்கிக்கொண்டு நாமே ஓட்டிப் போகும் வாடகைக் காருக்குக் கறுப்புப் பலகையில் மஞ்சள் எழுத்து. ஆகவே உங்கள் ஜீப்பின் முன்கண்ணாடி ஒன்று சொல்ல, கீழே இருக்கும் நம்பர் பலகை வேறொன்று சொல்லிக்கொண்டிருந்தது. அந்த வெளிநாட்டுக்காரர்களுக்கு மஞ்சள் பலகையின் பொருள் தெரிந்திருந்தால் கையை நீட்டியிருக்க மாட்டார்கள்.

ஒரு சிக்கலையும் சொல்லிவிடுகிறேன். பிரிட்டனில் சாவியை வாங்கிக்கொண்டு போகும் காரையும் ஹையர் என்றுதான் சொல்வார்கள்; விமான நிலையத்தில் "கார் ஹையர்" என்று பலகை இருக்கும். அமெரிக்காவில் அதே கடைக்குக் "கார் ரென்டல்" என்று பெயர். அமெரிக்கருக்கு ஹையர் என்றால் ஆளை வேலைக்கு எடுப்பதுதான் முதலில் நினைவுக்கு வரும். பழைய பிரிட்டிஷ் வழக்கிலோ, ஒருவரை நிரந்தர வேலைக்கு எடுப்பதற்கு ஹையர் என்று சொல்ல மாட்டார்கள், எம்ப்ளாய் என்பார்கள். ஒரு நாள் வேலைக்கு, ஒரு காரியத்துக்கு எடுத்தால் மட்டும் ஹையர். நான் பள்ளியில் படித்த காலத்து இலக்கணப் புத்தகங்கள் இதைக் கண்டிப்பாகச் சொல்லும். இப்போது அந்தக் கண்டிப்பு பிரிட்டனிலேயே தளர்ந்துவிட்டது. உங்களிடம் இரு நாட்டவரும் வருவார்கள். "ஜீப் ஃபார் ஹையர்" என்று பெரிதாகவும் "வித் டிரைவர்" என்று கீழே சிறிதாகவும் போட்டுவிடுங்கள், யாரும் கையை நீட்ட மாட்டார்கள்.

ரென்டுக்கு வருவோம். அது பிரெஞ்சு வழியாக வந்த சொல்; அடியில் இருப்பது "திருப்பிக் கொடு" என்ற லத்தீன் வினை. ரென்டர், சரண்டர் இரண்டும் அதன் உறவுக்காரர்கள். நிலத்தை ஒருவர் கொடுத்தார், அதற்கு ஈடாகத் திருப்பிக் கொடுக்கப்படுவது ரென்ட். இங்கிலாந்தில் முதலில் அதற்கு வருமானம் என்றே பொருள் இருந்தது. 1882ஆம் ஆண்டு சொத்து மாற்றுச் சட்டத்தின் 105ஆம் பிரிவை எடுத்துப் பாருங்கள். பணமோ, விளைச்சலில் பங்கோ, உழைப்போ, இப்படிச் செலுத்தப்படுவதுதான் ரென்ட் என்று சொல்லும் அந்த வரியில், செலுத்துதலுக்கு ரென்டர் என்ற வினையையே போட்டிருக்கிறார்கள். எழுதியவர் தெரிந்து போட்டாரோ தெரியாமல் போட்டாரோ, தாயும் பிள்ளையும் ஒரே வாக்கியத்தில் உட்கார்ந்திருக்கிறார்கள்.

கிழிந்தது என்ற பொருளிலும் ஒரு ரென்ட் உண்டு. அது வேறு குடும்பம், இதற்கும் அதற்கும் பேச்சுவார்த்தை கிடையாது.

ரென்டில் நம்மவர்கள் உண்மையில் தடுமாறுவது திசையில். "ஐ ரென்டட் எ ஹவுஸ்" என்று ஒருவர் எழுதினால், வீட்டை எடுத்தாரா, விட்டாரா? எடுத்தார் என்றுதான் பெரும்பாலும் கொள்வார்கள். ஆனால் வீட்டுக்காரரும் அதே வினையைச் சொல்லலாம், இலக்கணம் தடுக்காது. தமிழில் இந்தக் குழப்பமே வராது. வாடகைக்கு எடுத்தேன், வாடகைக்கு விட்டேன். குத்தகைக்கு எடுத்தேன், குத்தகைக்கு விட்டேன். பொருள் எந்தப் பக்கம் போகிறது என்பதை எடு, விடு என்ற இரண்டு வினைகளும் சுமந்துகொள்கின்றன. வாடகை, குத்தகை என்ற பெயர்ச்சொற்கள் பணம் எந்த வழியில் வரும் என்பதை மட்டும் சொன்னால் போதும். ஆங்கிலத்தில் ரென்டும் லீஸும் இரண்டு பக்கமும் முகம் காட்டுபவை. ஆகவே விடுபவர் பேசும்போது "அவுட்" என்று ஒரு வாலைச் சேர்க்கிறார்கள்: ரென்ட் அவுட், லீஸ் அவுட், ஹையர் அவுட். வால் இருந்தால் விடுபவர் என்று வைத்துக்கொள்ளுங்கள். வால் இல்லையென்றால் ஃப்ரம் வருகிறதா, டூ வருகிறதா என்று பாருங்கள்.

லெட் மட்டும் ஒருபக்கச் சொல். வீட்டுக்காரர் மட்டுமே லெட் செய்யலாம், குடியிருப்பவரால் முடியாது. அவர் வேறொருவரை உள்ளே வைத்தால் அது சப்லெட், அதாவது உள்வாடகை. அப்படியே நம் "விடு"தான் இது. பழைய ஆங்கிலத்தில் அதற்கு அனுமதி கொடு, விட்டுவிடு என்ற பொருள்கள் இருந்தன. "டு லெட்" என்றால் "வாடகைக்கு விடப்படும்", சொல்லுக்குச் சொல் சரி. நம் ஊர் ஸ்டேஷனரிக் கடையில் இந்த அட்டை அச்சடித்தே கிடைக்கும். கேட்டில் மாட்டிய மறுநாளே தெருப் பையன்கள் நடுவில் ஒரு எழுத்தைச் செருகிக் கழிப்பறை ஆக்கிவிடுவார்கள். அமெரிக்காவில் இந்த விளையாட்டுக்கு வழியில்லை. அங்கே "ஃபார் ரென்ட்" என்றுதான் எழுதுகிறார்கள்.

இந்த லெட்டுக்கு முகச்சாயல் ஒன்றான ஒரு பகையாளி இருக்கிறது. உங்களிடம் பாஸ்போர்ட் இருந்தால் எடுத்து, குடியரசுத் தலைவர் பெயரால் வேண்டிக்கொள்ளும் அந்த வாசகத்தைப் படியுங்கள். இதை வைத்திருப்பவரை "வித்தவுட் லெட் ஆர் ஹிண்ட்ரன்ஸ்" கடந்து போக அனுமதிக்க வேண்டும் என்று இருக்கும். இந்த லெட்டுக்குத் தடை என்று பொருள். விடு என்ற லெட்டும் தடு என்ற லெட்டும் பழைய ஆங்கிலத்தில் இரண்டு தனி வினைகள். உச்சரிப்பு தேய்ந்து ஒன்றாகிவிட்டன. டென்னிஸில் பந்து வலையை உரசிப் போனால் லெட் என்று மறுபடியும் அடிக்கச் சொல்வார்களே, அதிலும் இந்தத் தடைதான் ஒளிந்திருக்கிறது. ஒரு நாளைக்கு நான்கு முறை சோதனைச்சாவடியைக் கடப்பவர் நீங்கள். ஒரே ஒலிக்கு விடு, தடு என்று இரண்டு பொருளும் இருப்பதை உங்களுக்கு விளக்க வேண்டியதில்லை.

லீஸ் என்றதும் எங்கள் பக்கத்து ஆட்களுக்கு வீடு நினைவுக்கு வராது, முல்லைப் பெரியாறு அணை நினைவுக்கு வரும். 1886 அக்டோபர் 29இல் திருவிதாங்கூர் மகாராஜாவின் அரசும் சென்னை மாகாணத்தை ஆண்ட பிரிட்டிஷ் அரசும் கையெழுத்திட்ட பெரியாற்று லீஸ்தான் அது. 8,000 ஏக்கர், 999 ஆண்டுகள், ஏக்கருக்கு வருடம் 5 ரூபாய், ஆக மொத்தம் 40,000 ரூபாய். 1970இல் அது ஏக்கருக்கு 30 ரூபாய் ஆனது. கம்பம் பள்ளத்தாக்கின் நெல்லும் திராட்சையும் அந்தத் தாளின்மேல் நிற்கின்றன. ஆங்கிலத்தில் லீஸ் என்றால் என்ன என்று கேட்கும் மாணவருக்கு இதைவிடத் தெளிவான பாடம் கிடையாது. மண் ஒருவருடையது, குறிப்பிட்ட காலத்துக்கு அதைப் பயன்படுத்தும் உரிமை இன்னொருவருடையது, இடையில் ஆண்டுதோறும் ஒரு ரென்ட். லீஸ் என்பது ஏற்பாட்டின் பெயர், ரென்ட் என்பது அந்த ஏற்பாட்டில் கைமாறும் பணத்தின் பெயர். அதனால் ஒரே தாளில் இரண்டும் வரும், வந்தாக வேண்டும்.

99, 999 என்ற எண்கள் ஆங்கிலேயர் லீசுகளில் திரும்பத் திரும்ப வருபவை. ஹாங்காங்கின் புதிய பிரதேசங்களைச் சீனாவிடமிருந்து 1898இல் 99 ஆண்டுகளுக்கு எடுத்தார்கள். 1997இல் கெடு முடிந்தது, ஹாங்காங் முழுவதையுமே திருப்பிக் கொடுத்தார்கள். இங்கே 999 என்று எழுதிக்கொண்டார்கள்.

சொல்லின் வேர் இன்னும் சுவையானது. லத்தீனில் லக்ஸாரே என்றால் தளர்த்துவது, பிடியை விடுவது. ரிலாக்ஸ், ரிலீஸ் எல்லாம் அந்த வீட்டுப் பிள்ளைகள். அது பிரெஞ்சு வழியே வந்து லீஸ் ஆயிற்று. ஆக லெட்டும் லீஸும் வேறு வேறு நாட்டிலிருந்து கிளம்பி வந்து ஒரே "விடு"வில் சந்திக்கின்றன. பேச்சு ஆங்கிலத்துக்கு லெட், வக்கீல் ஆங்கிலத்துக்கு லீஸ்.

இனி, கம்பத்து வீடு. இங்கேதான் பலரும் ஏமாறுகிறார்கள். நீங்கள் லீஸ் என்று சொல்லும் வீட்டுக்கு மாத வாடகை உண்டா? இருக்காது. மொத்தமாக ஒரு தொகையை வீட்டுக்காரரிடம் கொடுத்துவிட்டுக் குடியேறியிருப்பீர்கள். காலி செய்யும்போது அந்தத் தொகை முழுவதும் திரும்ப வரும். எங்கள் தேனி, மதுரைப் பக்கத்தில் இதற்கு ஒத்தி என்று அருமையான பெயர் இருக்கிறது. வேறு பக்கங்களில் போக்கியம். சென்னையில் யாரோ இதற்கு லீஸ் என்று பெயர் வைத்தார்கள், அது நெடுஞ்சாலை வழியாக இங்கேயும் வந்து சேர்ந்துவிட்டது. லண்டன்காரரிடமோ நியூயார்க்காரரிடமோ "என் வீடு லீஸ், அதனால் ரென்ட் கிடையாது" என்று சொல்லிப் பாருங்கள், விழிப்பார். அவருக்கு ரென்ட் இல்லாத லீஸ் என்பது உப்பில்லாத கடல். சட்டத்தின் கண்ணில் நம் ஒத்தி ஒரு வகை அடமானம். கொடுத்த பணத்துக்கு வட்டி வாங்காமல், அந்த வட்டிக்குப் பதிலாக வீட்டை அனுபவிக்கிறீர்கள். சொத்து மாற்றுச் சட்டத்தின் 58ஆம் பிரிவில் யூசுஃப்ரக்சுவரி மார்ட்கேஜ் என்று நீளமான பெயரில் இது இருக்கிறது.

இந்தப் பெயர்க் குழப்பத்தால் என் தங்கை மகன் பட்ட பாட்டைச் சொல்ல வேண்டும். வெளியூரில் ஒரு நிறுவனத்தில் வேலை. படிவத்தில் குடியிருப்பு என்ற இடத்தில் லீஸ் என்று எழுதிவிட்டான். மாத வாடகை ரசீதை அனுப்பு என்று கணக்குப் பிரிவிலிருந்து கடிதம் வந்தது. ரசீது இல்லை என்று இவன் எழுதினான். லீஸ் இருந்தால் ரென்ட் இருக்குமே என்று அவர்கள் எழுதினார்கள். மூன்று மாதம் இப்படியே போன பிறகு என்னிடம் வந்தான். லீஸ் என்ற சொல்லை அடித்துவிட்டு, திருப்பித் தரப்படும் வைப்புத்தொகைக்கு ஈடாகக் குடியிருக்கிறேன், மாத வாடகை கொடுப்பதில்லை என்று நான்கு வரி எழுதிக் கொடுத்தேன். உடனே புரிந்துகொண்டார்கள். புரிந்துகொண்டதும், வாடகையே கொடுக்காதவருக்கு வாடகைக்கான வரிச்சலுகை எதற்கு என்று அதையும் வெட்டிவிட்டார்கள். நியாயமான கேள்விதான். மாமா எழுதிக் கொடுத்ததால் வந்த வினை என்று என் தங்கை இன்னும் சொல்லிக்கொண்டிருக்கிறாள்.

மாமாவின் ஏலத்தோட்டத்துக்கு வருவதற்கு முன், நான் ஆங்கிலத்தில் படித்தவற்றில் மிகவும் ரசித்த ஒன்றைச் சொல்கிறேன். ஃபார்ம் என்ற சொல்லுக்குப் பண்ணை என்றுதானே பொருள் தெரியும்? முதலில் அது நிலத்தையே குறிக்கவில்லை. இடைக்கால லத்தீனில் ஃபிர்மா என்றால் மாறாமல் உறுதி செய்யப்பட்ட தொகை. விளைந்தாலும் விளையாவிட்டாலும் வருடத்துக்கு இவ்வளவு என்று பேசி முடிப்பது ஃபார்ம். அப்படி எடுத்த நிலத்துக்கும் அதே பெயர் ஒட்டிக்கொண்டது. அதில் பயிர் செய்தவர் ஃபார்மர் ஆனார். உறுதியான என்று பொருள்படும் ஃபர்ம் என்ற சொல்லுக்கும் வேர் அதுதான். நம் குத்தகையும் இதேதானே? விளைச்சலில் பங்கு பிரித்தால் வாரம். மழை வந்தாலும் வராவிட்டாலும் பேசியதைக் கொடுத்தால் குத்தகை. வரி வசூலிக்கும் உரிமையை மொத்தத் தொகைக்கு ஏலம் விடுவதை டாக்ஸ் ஃபார்மிங் என்று வரலாற்றுப் புத்தகங்கள் எழுதுகின்றன. வரிக் குத்தகை என்று மொழிபெயர்க்க வேண்டிய அதை, வரி விவசாயம் என்று ஒரு பையன் பரீட்சையில் எழுதியிருந்தான். சிரித்துவிட்டு அரை மதிப்பெண் போட்டேன்.

எல்லை தாண்டினால் குத்தகைக்கும் முகம் மாறுகிறது. மலையாளப் பத்திரிகையில் குத்தக என்று படித்தால் அதற்கு ஏகபோகம் என்று பொருள். குத்தக முதலாளிகளைத் திட்டித் தலையங்கம் வரும், நாம் ஏதோ நிலக் குத்தகைதாரரைத் திட்டுவதாக நினைப்போம். நிலத்துக்கு அவர்கள் சொல்வது பாட்டம். திருவிதாங்கூர் அரசு தன் நிலத்தை விட்டபோது இரண்டையும் சேர்த்துக் குத்தகப்பாட்டம் என்று பெயர் வைத்தது, கேட்டுக் கதவு என்று நாம் சொல்வதுபோல. பத்திரம் என்ற சொல்லும் இப்படித்தான். இங்கே பத்திரம், அங்கே ஆதாரம். இடுக்கி மாவட்டத்துப் பதிவு அலுவலகத்தில் போய்ப் பத்திரம் எங்கே என்று கேட்டால் செய்தித்தாளைக் காட்டுவார்கள்.

உங்கள் மாமாவின் தாளில் லெஸ்ஸர் என்று இருப்பது தோட்டக்காரர், லெஸ்ஸி என்று இருப்பது மாமா. ஆங்கிலத்தில் கடைசி இரண்டு எழுத்துகளில்தான் இரண்டும் பிரிகின்றன, அவசரத்தில் படித்தால் ஆள் மாறிவிடும். "ஆர்" ஒலியில் முடிந்தால் சொத்தைக் கொடுப்பவர், "ஈ" ஒலியில் முடிந்தால் பெறுபவர். மார்ட்கேஜர், மார்ட்கேஜி என்பவற்றில் மட்டும் கவனம் தேவை. பணம் கொடுப்பது வங்கிதானே, அதுதான் மார்ட்கேஜர் என்று படித்தவர்களே தவறாகச் சொல்வார்கள். பணத்தைப் பார்க்கக் கூடாது, சொத்து யாரிடமிருந்து போகிறது என்று பார்க்க வேண்டும். வீட்டை ஈடு கொடுக்கும் நாம்தான் மார்ட்கேஜர், வங்கி மார்ட்கேஜி.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று இருக்கிறது, அது சொல்லைப் பற்றியதல்ல. கேரளத்தில் 1963ஆம் ஆண்டு நிலச்சீர்திருத்தச் சட்டப்படி, 1970 ஜனவரி 1 முதல் பழைய குத்தகை உறவுகள் முடிவுக்கு வந்தன. உழுதவருக்கு நிலம் போனது. புதிதாகக் குத்தகை உண்டாக்குவதையும் அச்சட்டம் தடுக்கிறது. தோட்டப் பயிர்களுக்குத் தனி விதிகளும் விலக்குகளும் உண்டு. ஆகவே தமிழ்நாட்டில் குத்தகைத் தாள் எழுதுவதுபோல அங்கே எழுதிவிட முடியாது. லீஸ் என்ற ஒரு சொல் அந்த மண்ணில் வெறும் சொல் அல்ல. தோட்டக்காரர்களின் தாத்தாக்கள் அந்தச் சொல்லால் நிலம் இழந்திருக்கிறார்கள். பணம் கொடுப்பதற்கு முன் அந்த ஊர் வக்கீல் ஒருவரிடம் தாளைக் காட்டச் சொல்லுங்கள். என்னைப் போன்ற ஆங்கில வாத்தியாரிடம் அல்ல.

இந்தப் பயத்தில் சிலர் லீஸை அடித்துவிட்டு லைசென்ஸ் என்று தலைப்புப் போடுகிறார்கள். லைசென்ஸ் என்றால் வெறும் அனுமதி: என் இடத்தில் நீ வந்து போகலாம், இடம் உன் கைக்கு வராது. தலைப்பை மாற்றினால் உள்ளடக்கம் மாறிவிடுமா? டில்லியில் ஒரு பெரிய ஹோட்டலில் முடிதிருத்தும் நிலையம் நடத்தியவருக்கும் ஹோட்டலுக்கும் இடையிலான வழக்கு உச்ச நீதிமன்றம் வரை போனது. தாளின் தலைப்பில் லைசென்ஸ் என்றே இருந்தது. இடம் முழுமையாக அவர் வசம் இருந்ததால் அது லீஸ்தான் என்று 1959இல் தீர்ப்பு வந்தது. தலையில் என்ன எழுதியிருக்கிறது என்பதைவிட, கதவைப் பூட்டித் திறக்கும் உரிமை யாரிடம் இருக்கிறது என்பதையே நீதிமன்றமும் பார்த்தது. வாடகை ஒப்பந்தங்கள் 11 மாதத்துக்கு எழுதப்படுவதற்கும் காரணம் சட்டத்தில் இருக்கிறது. ஓராண்டுக்கு மேற்பட்ட லீஸைப் பதிவு செய்தாக வேண்டும். 11 மாதம் என்று எழுதினால் அந்தச் செலவு மிச்சம். தமிழ்நாட்டில் 2019இல் நடைமுறைக்கு வந்த புதிய வாடகைச் சட்டம் எழுத்து ஒப்பந்தத்தைக் கட்டாயமாக்கிய பிறகும் பலரிடம் 11 மாதப் பழக்கம் போகவில்லை.

உங்கள் ஜீப்பின் ஆர்சி புத்தகத்தில் ஒரு நிதி நிறுவனத்தின் பெயர் இருக்குமே, அதற்கும் இந்தச் சொற்களுக்கும் தொடர்பு உண்டு. ஹையர் பர்ச்சேஸ் என்றால் கடைசித் தவணை வரை வண்டி அவர்களுடையது. நீங்கள் கூலி கொடுத்து ஓட்டுகிறீர்கள், கடைசித் தவணையில் வாங்குகிறீர்கள். ஹைப்பாதிகேஷன் என்றால் வண்டி முதல் நாளே உங்களுடையது, அவர்களிடம் ஈடாக இருக்கிறது. லீஸ் என்றால் தவணை முடிந்தாலும் வண்டி அவர்களுடையதே. வேடிக்கை என்னவென்றால், மோட்டார் வாகனச் சட்டத்தில் உரிமையாளர் என்பதற்கான விளக்கம் இந்த மூன்றுக்கும், ஒப்பந்தப்படி வண்டியை வசத்தில் வைத்திருப்பவரே உரிமையாளர் என்கிறது. அங்கேயும் சாவிதான்.

வாடகையை ஆங்கிலமாக்கவே கூடாத ஓர் இடமும் உண்டு: வாடகைத் தாய். ஆங்கிலத்தில் சரோகேட் என்றால் பதிலாள், ஒருவருக்குப் பதிலாக நிற்பவர். அதில் வாடகையும் இல்லை கூலியும் இல்லை. 2021ஆம் ஆண்டுச் சட்டம் பணத்துக்குச் சுமப்பதை இந்தியாவில் தடை செய்துவிட்டது. உதவியாகச் செய்வதற்கு மட்டுமே இடம் இருக்கிறது. வாடகை போய்விட்டது, பெயரில் மட்டும் குடியிருக்கிறது. பதிலித்தாய் என்று எழுதுகிறவர்கள் இருக்கிறார்கள். நான் அவர்கள் கட்சி.

மற்றவற்றைச் சட்டென்று சொல்லிவிடலாம். கப்பலையோ விமானத்தையோ முழுவதுமாகப் பேசி எடுத்தால் சார்ட்டர். கல்யாணத்துக்கு எடுக்கும் பஸ்ஸையும் அப்படிச் சொல்வார்கள், ஆனால் ஜீப்புக்கு அது தலைக்கு மேல் தலைப்பாகை. பயணிகள் தலைக்கு இவ்வளவு என்று கொடுத்தால் ஃபேர். ஜீப் முழுவதையும் பேசி எடுத்தால் ஹையர் சார்ஜ். விடியற்காலையில் கம்பம்மெட்டு ஏறி ஏலத்தோட்டத்துக்குப் பெண்களை ஏற்றிப் போகிறீர்களே, அதற்குத் தோட்டக்காரர் ட்ரிப்புக்கு இவ்வளவு என்று கொடுப்பது ஹையர். திரும்பி வரும்போது வழியில் ஏறும் ஒருவர் கொடுக்கும் முப்பது ரூபாய் ஃபேர், உங்கள் பர்மிட் அதற்கு இடம் கொடுத்தால். ஹோம்ஸ்டே அறைக்கு ஒரு நாளைக்கு வாங்குவதை ரென்ட் என்று எழுதாதீர்கள், டாரிஃப் என்றோ ரூம் ரேட் என்றோ போடுங்கள். ரென்ட் என்றால் மாதக்கணக்கில் தங்க வந்துவிடுவார்களோ என்று விருந்தினரே தயங்குவார்.

ஸ்டிக்கர் முழுவதையும் கிழிக்க வேண்டாம். "ஜீப் ஃபார்" நன்றாகத்தான் இருக்கிறது. கடைசிச் சொல்லை மட்டும் சுரண்டிவிட்டு நான்கெழுத்து ஹையரை ஒட்டச் சொல்லுங்கள். ரென்டுக்கும் ஆங்கிலத்தில் நான்கே எழுத்து, இடம் சரியாக இருக்கும். கடைக்காரர் முழு ஸ்டிக்கருக்கும் காசு கேட்டால் கொடுக்காதீர்கள்.